பிடிப்பது ஒரு வேலை, காட்டுவது வேறு வேலை: ஓப்பன்சிவியில் வீடியோ ஃபிரேம்கள்

கேமராவைத் திறந்து அதில் வரும் படத்தைத் திரையில் ஓடவிட, படங்களை ஆராயும் லைப்ரரியான ஓப்பன்சிவியில் பத்து வரி நிரல்கூட ஆகாது. அந்தப் பத்து வரியை எழுதி, முகம் திரையில் தெரிந்ததும் வேலை முடிந்துவிட்டதாகத் தோன்றும். ஆனால் அதன்மேல் அளவெடுப்பதையோ எழுத்தைப் படிப்பதையோ ஏற்றும்போதுதான் சிக்கல்கள் கிளம்பும். படம் தாமதமாக வரும், நிறம் மாறித் தெரியும், பதிவுசெய்த வீடியோ திறக்காது.

கன்வேயரில் ஓடும் பெட்டிகளின் லேபிள்களைக் கேமரா வழியாகப் படித்துச் சரிபார்க்கும் மென்பொருள் எழுதுவது என் தொழில். லேபிள் கேமராவின் முன் நின்று போஸ் கொடுக்காது, கடந்து போய்விடும். எந்த ஃபிரேம், அதாவது வீடியோவின் எந்தத் தனிப்படம், எந்தக் கணத்தில் எடுத்தது என்று தெரியாவிட்டால் என் நிரல் தள்ள வேண்டிய பெட்டியை விட்டுவிட்டு அடுத்த பெட்டியைத் தள்ளிவிடும். அதனால் ஒரு கொள்கையை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறேன்: ஃபிரேமைப் பிடிப்பது ஒரு வேலை, அதைத் திரையில் காட்டுவது வேறு வேலை. இரண்டையும் நிரலில் கலக்கக் கூடாது. கீழே வருவதெல்லாம் இந்த ஒன்றைச் சுற்றித்தான்.

நான் பைதானில் எழுதுகிறேன். சி++ ஆனாலும் ஃபங்ஷன் பெயர்களும் வரிசையும் கிட்டத்தட்ட அதேதான்.

நிறுவும்போதே ஒரு கவனம்

பைதான் தொகுப்புகளை நிறுவும் கருவியான பிப் வழியாக நிறுவும்போது இரண்டு தொகுப்புகள் கண்ணில் படும். ஒன்று ‘ஓப்பன்சிவி-பைதான்’. மற்றொன்று அதே பெயரின் பின்னால் ‘ஹெட்லெஸ்’ என்ற வால் கொண்டது. ஹெட்லெஸ் வகை திரையே இல்லாத சர்வர்களுக்கானது, அதில் விண்டோ திறக்கும் பகுதியே கிடையாது. அதை வைத்துக்கொண்டு படத்தைக் காட்டச் சொன்னால், இந்த ஃபங்ஷன் உருவாக்கப்படவில்லை, லைப்ரரியை மறுபடி பில்ட் செய்யுங்கள் என்ற ரீதியில் நீளமாக ஒரு பிழைச் செய்தி வரும். பயந்து எதையும் பில்ட் செய்ய வேண்டாம். ஹெட்லெஸ்ஸை நீக்கிவிட்டுச் சாதாரணத் தொகுப்பை நிறுவினால் போதும். இரண்டும் ஒரே சூழலில் சேர்ந்து கிடந்தாலும் இதே தொல்லைதான். வேறு ஏதாவது லைப்ரரி தனக்குத் துணையாக ஹெட்லெஸ்ஸை இழுத்து வந்திருக்கக்கூடும், அதையும் பார்த்துவிடுங்கள்.

கேமராவைத் திறப்பது

‘வீடியோகேப்ச்சர்’ என்ற கிளாஸுக்கு 0 என்ற எண்ணைக் கொடுத்தால் முதல் கேமரா திறக்கும். இரண்டாவது கேமரா 1 என்று எல்லோரும் சொல்வார்கள். லினக்ஸில் அது பெரும்பாலும் பொய்யாகிவிடும். புதிய கெர்னல்களில் ஒரே யுஎஸ்பி கேமரா இரண்டு எண்களைப் பிடித்துக்கொள்கிறது, ஒன்றில் படம் வரும், மற்றதில் மெட்டாடேட்டா மட்டும். ஆகவே 1 திறக்கவில்லை என்றால் 2-ஐ முயன்று பாருங்கள். மேக்கில் டெர்மினலுக்குக் கேமரா அனுமதி கொடுத்திருக்க வேண்டும்.

திறந்தவுடன் ‘ஈஸ்ஓபன்டு’ என்று கேட்டுவிட்டுத்தான் மேலே போக வேண்டும். கேமரா கிடைக்காவிட்டால் ஓப்பன்சிவி நிரலை நிறுத்தாது, அமைதியாக இருந்துவிடும். அடுத்த வரியில் நீங்கள் ஃபிரேம் கேட்கும்போது ஒன்றுமில்லை என்பதைக் குறிக்கும் வெறும் ‘நன்’ கையில் வரும், பிழை வேறெங்கோ வெடிக்கும்.

எண்ணுக்கு அடுத்தபடியாக, எந்த வழியாகத் திறக்க வேண்டும் என்றும் சொல்லலாம். விண்டோஸில் மீடியா ஃபவுண்டேஷன், டைரக்ட்ஷோ என்று இரண்டு வழிகள். லினக்ஸில் வி4எல்2. மேக்கில் ஏவிஃபவுண்டேஷன். விண்டோஸில் சில கேமராக்கள் மீடியா ஃபவுண்டேஷன் வழியாகத் திறக்கும்போது ஆற அமர நேரமெடுத்துக்கொள்ளும். அந்த மாதிரி இடத்தில் டைரக்ட்ஷோவைச் சொல்லித் திறப்பது என் வழக்கம். எதுவும் சொல்லாவிட்டால் ஓப்பன்சிவி தானாக ஒன்றைத் தேர்ந்தெடுக்கும். உங்கள் கணினியில் ஒன்று, நிறுவப்போகும் கணினியில் இன்னொன்று என்று அது மாறலாம். அதனால் நான் எப்போதும் வழியை வெளிப்படையாகவே எழுதிவிடுவேன்.

கேட்டது கிடைத்ததா என்று திருப்பிக் கேளுங்கள்

இங்கேதான் சற்று நின்று பார்க்க வேண்டியிருக்கிறது.

கேமராவைத் திறந்தவுடன் பெரும்பாலும் 640×480 அளவில்தான் படம் வரும். அகலம், உயரம், நொடிக்கு எத்தனை ஃபிரேம் என்பதையெல்லாம் ‘செட்’ மூலம் மாற்றலாம். ஆனால் செட் என்பது ஒரு வேண்டுகோள்தான். கேமராவிடம் இல்லாத அளவைக் கேட்டால் அது தனக்குத் தெரிந்த பக்கத்து அளவுக்குப் போய்விடும், அல்லது இருந்த இடத்திலேயே இருக்கும். செட் வெற்றி என்று பதில் தந்ததையும் நம்பிவிடக் கூடாது. செட் செய்த ஒவ்வொன்றையும் ‘கெட்’ மூலம் திருப்பிக் கேட்டு, வந்த மதிப்பை லாகில் எழுதுங்கள். அகல உயரத்துக்கு அதையும் தாண்டி, முதல் ஃபிரேம் வந்ததும் அதன் உண்மையான அளவைச் சொல்லும் ‘ஷேப்’பையே பார்த்துவிடுவேன். பொய் சொல்ல முடியாத சாட்சி அது ஒன்றுதான்.

வேகம் குறைவாக வருகிறது என்று வரும் புகார்களில் பெரும்பகுதி யுஎஸ்பி கம்பியின் கணக்கில் அடங்கிவிடும். பல வெப்கேம்கள் இயல்பாக யுயுவி வகையில், அதாவது சுருக்காமல், ஒரு பிக்சலுக்கு 2 பைட் வீதம் அனுப்புகின்றன. 1920×1080 படம் என்றால் ஒரு ஃபிரேமுக்குச் சுமார் 4.1 எம்பி. நொடிக்கு 30 ஃபிரேம் என்றால் சுமார் 124 எம்பி. யுஎஸ்பி 2.0-வின் மொத்த வேகமே நொடிக்கு 480 மெகாபிட், அதாவது 60 எம்பி. அதிலும் வெப்கேம்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் ஐசோக்ரோனஸ் முறையில் ஒரு சாதனத்துக்குக் கிடைப்பது அதிகபட்சம் சுமார் 24 எம்பிதான். கம்பியில் அடங்காத சரக்கைக் கேமரா எப்படி அனுப்பும்? ஃபிரேம் எண்ணிக்கையைத்தான் குறைக்கும். 1280×720-லேயே இந்த வகையில் நொடிக்கு 13 ஃபிரேமுக்கு மேல் போக முடியாது. அதனால்தான் பல கேமராக்கள் அந்த அளவில் 10 என்று நிற்கின்றன.

வழி இருக்கிறது. சுருக்கும் வகையை நான்கு எழுத்துகளில் சொல்லும் ‘ஃபோர்சிசி’ என்ற பண்பை ‘எம்ஜேபிஜி’ என்று செட் செய்தால், கேமராவே ஒவ்வொரு ஃபிரேமையும் ஜேபெக்காகச் சுருக்கி அனுப்பும். 10-ல் தவழ்ந்த படம் 30-க்கு எழும்பும். கேமராவைத் திறக்கும் வழிகள் சிலவற்றில் வரிசையும் முக்கியம். முதலில் ஃபோர்சிசி, அப்புறம் அகலம், உயரம், கடைசியில் வேகம் என்ற வரிசையில் எழுதிவிட்டு எல்லாவற்றையும் திருப்பிக் கேட்பது என் முறை. இதற்கு ஒரு விலை உண்டு. ஜேபெக் சுருக்கம் மெல்லிய விளிம்புகளை அரித்துவிடும். பார்கோடு படிக்க அது பரவாயில்லை. அரை பிக்சல் துல்லியத்தில் விளிம்பு அளக்கிறீர்கள் என்றால் ரெசல்யூஷனைக் குறைத்தாவது சுருக்காத வகைக்கே போங்கள், அல்லது யுஎஸ்பி 3 கேமரா எடுங்கள்.

லினக்ஸில் ‘வி4எல்2-சிடிஎல்’ என்ற கருவி இருக்கிறது. உங்கள் கேமரா எந்த வகையில், எந்த அளவில், என்ன வேகத்தில் தரும் என்ற பட்டியலை அது அப்படியே கொட்டிவிடும். ஒரு கேமரா புதிதாகக் கைக்கு வந்தால் நிரல் எழுதும் முன்பே அந்தப் பட்டியலை எடுத்து வைத்துக்கொள்வேன்.

இன்னொரு காரணமும் வேகத்தைத் தின்னும், அது வெளிச்சம். அறை மங்கலாக இருந்தால் தானியங்கி எக்ஸ்போஷர் ஒவ்வொரு ஃபிரேமையும் அதிக நேரம் திறந்து வைக்கும். 66 மில்லி விநாடி திறந்திருந்தால் நொடிக்கு 15 ஃபிரேமுக்கு மேல் எப்படி வரும்? நிரலைத் திருத்தித் திருத்திப் பார்ப்பதற்கு முன் ஒரு விளக்கைப் போட்டுப் பாருங்கள். ஓடும் பொருளைப் பிடிக்கிறவர்கள் தானியங்கியை அணைத்துவிட்டு எக்ஸ்போஷரைக் கையால் வைக்க வேண்டும். அதன் அலகு வழிக்கு வழி மாறும். வி4எல்2-ல் 100 என்றால் 10 மில்லி விநாடி. டைரக்ட்ஷோவில் அதே பண்பு இரண்டின் அடுக்காக வரும்: -6 என்றால் 1/64 விநாடி, -7 என்றால் 1/128. ஒரு கணினியில் நன்றாக ஓடிய எண்ணை இன்னொன்றில் அப்படியே போட்டால் படம் கறுத்துப்போகவோ வெளுத்துப்போகவோ செய்யும்.

படத்தில் பட்டை பட்டையாக வெளிச்சம் நகர்ந்தால் அது மின்விளக்கின் துடிப்பு. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் விளக்கு நொடிக்கு 100 முறை கூடிக் குறையும். எக்ஸ்போஷரை 10 மில்லி விநாடி அல்லது அதன் மடங்காக வைத்தால் பட்டை மறைந்துவிடும். 60 ஹெர்ட்ஸ் என்றால் இது சுமார் 8.3 மில்லி விநாடி.

பிடிக்கும் லூப்

‘ரீட்’ இரண்டு பொருளைத் திருப்பித் தரும்: ஃபிரேம் கிடைத்ததா என்ற பதில், பிறகு ஃபிரேம். முதல் பதிலைப் பார்க்காமல் ஃபிரேமைத் தொடாதீர்கள். கோப்பிலிருந்து படிக்கும்போது வீடியோ முடிந்ததை உணர்த்துவது இந்தப் பதில்தான். கேமராவில் என்றால் கம்பி பிடுங்கப்பட்டதை உணர்த்தும். கேமரா ஒரு ஃபிரேம் தவறியதற்காக நிரலை மூட வேண்டியதில்லை. தொடர்ந்து சில தடவை கிடைக்காவிட்டால் கேமராவை விடுவித்து மறுபடி திறக்கும்படி எழுதுங்கள். நாள் முழுக்க ஓடும் நிரலுக்கு இது கட்டாயம்.

திறந்தவுடன் வரும் முதல் சில ஃபிரேம்களை நான் வீசிவிடுவேன். தானியங்கி எக்ஸ்போஷரும் வெள்ளைச் சமநிலையும் நிலைகொள்ளும் வரை படம் கறுப்பாகவோ நீலம் பாரித்தோ வரும். ஒரே ஒரு படம் எடுத்துவிட்டு மூடும் நிரல்கள் இருட்டுப் படத்தைச் சேமிப்பதற்கு இதுதான் காரணம்.

ரீட் என்பது உண்மையில் இரண்டு செயல்களின் சேர்க்கை. ‘கிராப்’ ஃபிரேமைப் பிடிக்கும், ‘ரிட்ரீவ்’ அதை விரித்துப் படமாக்கும். தனித்தனியாகவும் அழைக்கலாம். இரண்டு கேமராவை ஒன்றாக ஓட்டுகிறவர்களுக்கு இது பெரிய உதவி: முதலில் இரண்டிலும் கிராப், அதன்பிறகு இரண்டிலும் ரிட்ரீவ். அப்படிச் செய்தால், ஒன்றை விரித்துக்கொண்டிருக்கும் நேரம் இரண்டு படங்களுக்கும் இடையிலான கால இடைவெளியில் சேராது. நான் ஒற்றைக் கேமராவிலும் கிராப் முடிந்த அடுத்த வரியிலேயே நேரத்தைக் குறித்துக்கொள்கிறேன். அதுவும் சுவர்க் கடிகார நேரமாக அல்லாமல், பின்னோக்கிப் போகாத ‘மோனோடோனிக்’ கடிகாரமாக. ஃபிரேமும் அதன் நேரமும் அதன்பின் எங்கே போனாலும் ஜோடியாகவே போகும்.

தாமதம் எங்கிருந்து வருகிறது என்பது பலருக்குப் புதிராகவே இருக்கிறது. கேமராவின் டிரைவர் சில ஃபிரேம்களை வரிசையாகப் பஃபர் என்ற தற்காலிக நினைவகத்தில் வைத்திருக்கும். உங்கள் லூப் ஒரு சுற்றுக்கு 100 மில்லி விநாடி எடுத்துக்கொண்டால், ரீட் தருவது வரிசையின் முன்னால் நிற்கும் பழைய ஃபிரேம். நெட்வொர்க் கேமராவில், ஆர்டிஎஸ்பி என்ற நெட்வொர்க் நெறிமுறை வழியாக வருகிற படத்தில், இந்தத் தாமதம் நேரம் ஆக ஆகக் கூடிக்கொண்டே போகும். ‘பஃபர்சைஸ்’ என்ற பண்பை 1 ஆக்கச் சொல்வார்கள். எல்லா வழியும் அதைக் கேட்பதில்லை.

நம்பகமான வழி, பிடிப்பதற்கென்று தனி த்ரெட், அதாவது நிரலின் மற்ற பகுதியோடு இணையாக ஓடும் ஒரு பகுதி. அதற்கு ஒரே வேலை: இடைவிடாமல் ரீட் செய்வது, நேரம் குறிப்பது, ஒரே ஓர் இடம் மட்டும் உள்ள பெட்டியில் பழையதை எடுத்துவிட்டுப் புதியதை வைப்பது. பைதானில் ‘டெக்’ என்ற அமைப்புக்கு அதிகபட்ச நீளம் 1 என்று கொடுத்தால் இந்தப் பெட்டி தயார். படத்தை ஆராயும் பகுதி தனக்கு நேரம் கிடைக்கும்போது பெட்டியைத் திறந்தால் எப்போதும் ஆகப் புதிய ஃபிரேமே இருக்கும். நடுவில் சில ஃபிரேம்கள் விட்டுப்போகும், அது தெரிந்தே செய்வது. ஒரு ஃபிரேம்கூட விட்டுப்போகக் கூடாது என்கிற வேலை என்றால், பெட்டிக்குப் பதில் நீண்ட வரிசை வையுங்கள், அது நிரம்புகிறதா என்று கண்காணியுங்கள். இந்த இரண்டில் உங்களுக்கு எது வேண்டும் என்பதை நிரல் எழுதும் முன்பே முடிவுசெய்துகொள்ள வேண்டும். இரண்டும் ஒன்றாகக் கிடைக்காது.

காட்டும் பகுதி

‘இம்ஷோ’வுக்கு ஒரு விண்டோ பெயரும் ஃபிரேமும் கொடுத்தால் படம் தெரியும் என்று படித்திருப்பீர்கள். இம்ஷோ படத்தை ஒப்படைக்கிறது, அவ்வளவுதான். திரையில் வரையும் வேலை நடப்பது ‘வெயிட்கீ’ ஓடும்போது. வெயிட்கீ இல்லாவிட்டால் சாம்பல் நிறத்தில் ஒரு விண்டோ வந்து, பதில் சொல்லாமல் நிற்கும். பெயரைப் பார்த்து அது விசைக்காக மட்டும்தான் என்று நினைத்து நீக்கிவிடுகிறவர்கள் உண்டு. அதை நீக்க முடியாது.

வெயிட்கீக்கு 0 கொடுத்தால் ஒரு விசை அழுத்தும் வரை நிரல் அப்படியே நிற்கும். ஒரு படத்தை நிதானமாகப் பார்க்க அது சரி, ஓடும் வீடியோவுக்கு ஆகாது. கேமராவுக்கு 1 மில்லி விநாடி போதும், ஏனென்றால் அடுத்த ஃபிரேம் வரும்வரை ரீட்டே காத்திருக்கும். கோப்புக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. கணினி எவ்வளவு வேகமாக விரிக்கிறதோ அவ்வளவு வேகத்தில் வீடியோ பறக்கும். நொடிக்கு 25 ஃபிரேம் வீடியோ என்றால் ஒரு சுற்று 40 மில்லி விநாடியாக இருக்க வேண்டும். ஆராய்வதற்கு 15 போய்விட்டால் வெயிட்கீக்கு மீதி 25. கழித்த மதிப்பு 1-க்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அது 0 ஆகிவிட்டால் நிரல் விசைக்காகக் காத்து நின்றுவிடும்.

விசையை வெயிட்கீ கேட்பது விண்டோ முன்னால் இருக்கும்போது மட்டும். டெர்மினலில் தட்டினால் கேட்காது. எஸ்கேப் விசையின் எண் 27. பெருக்கல் குறியை அழுத்தி விண்டோவை மூடினாலும் அடுத்த சுற்றில் இம்ஷோ அதைத் திரும்பத் திறந்துவிடும். அதற்கு ‘கெட்விண்டோபிராப்பர்ட்டி’ மூலம் விண்டோ இன்னும் தெரிகிறதா என்று ஒவ்வொரு சுற்றிலும் பார்த்து, இல்லையென்றால் லூப்பைவிட்டு வெளியே வர வேண்டும்.

காட்டும் வேலை எப்போதும் முதன்மை த்ரெட்டில்தான் இருக்க வேண்டும். மேக்கில் இது கண்டிப்பான விதி. பிடிப்பது பக்கத்து த்ரெட், காட்டுவது முதன்மை த்ரெட் என்று வைத்துக்கொண்டால் எல்லா இடத்திலும் ஓடும்.

காட்டுவதற்கென்று எப்போதும் ஒரு நகல் எடுங்கள். செவ்வகம் வரைவது, நேரம் எழுதுவது, சிறிதாக்குவது, கண்ணாடி போல இடவலமாகத் திருப்புவது எல்லாம் அந்த நகலில். பைதானில் ஃபிரேம் என்பது நம்பை அரே, அதாவது நம்பை லைப்ரரியின் எண் அடுக்கு. அதிலிருந்து வெட்டியெடுத்த பகுதி புதிய படமாகாது, அதே நினைவகத்தின் மேல் இன்னொரு பார்வைதான். வெட்டிய துண்டில் கோடு போட்டால் மூலத்திலும் கோடு விழும். ‘காப்பி’ என்று சொன்னால்தான் தனியாகும். பச்சைச் செவ்வகம் வரைந்த ஃபிரேமை ஆராய்ச்சிப் பகுதிக்கு அனுப்பினால், அது அந்தச் செவ்வகத்தின் விளிம்பையும் லேபிளின் விளிம்பு என்றே எடுத்துக்கொள்ளும்.

பெரிய படத்தைத் திரைக்குச் சுருக்கும்போது ‘இன்டர் ஏரியா’ முறையைச் சொல்லுங்கள், கோடுகள் பல்லிளிக்காது. அல்லது ‘நேம்டுவிண்டோ’வில் நார்மல் வகை விண்டோவை முன்பே திறந்துவைத்தால் இழுத்துச் சிறிதாக்கிக்கொள்ளலாம். ஆராயும் வேகம் எதுவானாலும் திரைக்கு நொடிக்கு 15 ஃபிரேம் போதும். மனிதன் நின்று மேற்பார்வை பார்க்கும் திரைக்கு அதற்கு மேல் செலவழிப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

நிறமும் எண்ணும்

ஓப்பன்சிவி ஃபிரேமில் நிறங்கள் நீலம், பச்சை, சிவப்பு என்ற வரிசையில் இருக்கும். 1999-ல் இன்டெலில் கேரி பிராட்ஸ்கி இதைத் தொடங்கிய காலத்தில் கேமராக்களிலும் விண்டோஸிலும் அந்த வரிசை பரவலாக இருந்தது, அப்படியே நிலைத்துவிட்டது. இம்ஷோவுக்கும் இந்த வரிசை தெரியும், அதனால் அங்கே நிறம் சரியாக வரும். வரைபடம் போடும் மேட்பிளாட்லிப், படங்களைக் கையாளும் பில்லோ ஆகிய பைதான் லைப்ரரிகளும் பெரும்பாலான நியூரல் நெட்வொர்க் மாடல்களும் எதிர்பார்ப்பது சிவப்பு முதலில். மாற்றாமல் கொடுத்தால் முகம் நீலமாகும். மேட்பிளாட்லிப்பில் கண்ணுக்குத் தெரிந்துவிடும். மாடலுக்குள் போனால் தெரியாது, முடிவுகள் மட்டும் மெல்ல மோசமாகும். ஆகவே ‘சிவிடிகலர்’ மூலம் மாற்றும் வரியை, ஃபிரேம் வேறொரு லைப்ரரிக்குள் நுழையும் வாசலிலேயே எழுதுங்கள்.

ஜுப்பிட்டர் நோட்புக்கிலோ கோலாபிலோ இருக்கிறவர்கள் இம்ஷோவை மறந்துவிடலாம். மேட்பிளாட்லிப்தான் வழி. கோலாப் தனக்கென்று ஒரு மாற்று இம்ஷோ வைத்திருக்கிறது.

இம்ஷோ எண்களைக் காட்டும் விதமும் தெரிந்திருக்க வேண்டும். 8 பிட் படம் அப்படியே வரும். 16 பிட் படத்தை 256-ஆல் வகுத்துக் காட்டும். அதனால் 12 பிட் சென்சாரின் படம் திரையில் ஏறக்குறைய முழுக் கறுப்பு. அதிலுள்ள அதிகபட்ச மதிப்பு 4095, வகுத்தால் சுமார் 16 தான். கேமரா கெட்டுவிட்டது என்று கழற்றத் தொடங்காதீர்கள், 16-ஆல் பெருக்கிக் காட்டுங்கள். தசம எண் படத்தை 255-ஆல் பெருக்கிக் காட்டும், அதாவது மதிப்புகள் 0 முதல் 1 வரை இருக்கும் என்று எதிர்பார்க்கும். ஏதோ கணக்குப் போட்டதில் ஃபிரேம் தசமமாகி, மதிப்பு 0 முதல் 255 வரை இருந்தால் திரை முழுக்க வெள்ளை. இதுவும் பிடிப்பதும் காட்டுவதும் வேறு என்பதற்கு நல்ல உதாரணம். ஃபிரேமில் தரவு பத்திரமாக இருக்கிறது, காட்டும் விதிதான் அதை மறைக்கிறது. சந்தேகம் வந்தால் திரையைப் பார்க்காமல், ஃபிரேமின் வகை, சிறும மதிப்பு, பெரும மதிப்பு மூன்றையும் அச்சிட்டுப் பாருங்கள்.

தமிழில் எழுதவும் சேமிக்கவும்

‘புட்டெக்ஸ்ட்’ மூலம் படத்தின்மேல் தமிழில் எழுத முயன்றால் வரிசையாகக் கேள்விக்குறிகள் வரும். அதிலுள்ள ஹெர்ஷி எழுத்துருக்களில் ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான் உண்டு. காட்டும் நகலைச் சிவப்பு முதல் வரிசைக்கு மாற்றி, பில்லோவின் படமாக்கி, ஒரு தமிழ் ட்ரூடைப் எழுத்துருவை ஏற்றி எழுதிவிட்டுத் திரும்ப அரேயாக்க வேண்டும். பில்லோவில், எழுத்துகளைச் சரியாக அடுக்கும் ‘ரக்ம்’ என்ற அமைப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். அது இல்லாவிட்டால் ‘கொ’ என்று எழுதினால் கொம்பு முன்னால் வராமல் எழுத்துகள் கலைந்து நிற்கும். இந்த மாற்றத்துக்கு நேரமும் ஆகும். ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பக் காட்டுவதென்றால் ஒருமுறை சிறு படமாக வரைந்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு ஃபிரேமிலும் ஒட்டிவிடுங்கள்.

விண்டோஸில் ஃபோல்டருக்குத் தமிழில் பெயர் வைத்திருந்தால் ‘இம்ரீட்’ படத்தைத் திறக்காது, ‘இம்ரைட்’ சரியாக எழுதாது. பிழைச் செய்தியில் நிரல் நின்றாலாவது தெரியும், நிற்கவும் செய்யாது. ஃபோல்டரே இல்லாதபோதும் இம்ரைட் இதே மாதிரி பொய் என்ற பதிலோடு மௌனமாகிவிடும். அந்தப் பதிலைக் கட்டாயம் பாருங்கள். தமிழ்ப் பெயர் வேண்டுமென்றால் ‘இம்என்கோடு’ மூலம் நினைவகத்திலேயே பிஎன்ஜி ஆக்கி, பைதானின் சாதாரணக் கோப்பு எழுதும் வழியில் பைட்டுகளாக எழுதலாம். படிக்கும்போது ‘இம்டிகோடு’. நன்றாக வேலை செய்யும்.

அளவெடுக்கப் போகிற ஃபிரேமைப் பிஎன்ஜியாகவே சேமியுங்கள். ஜேபெக் திரும்பப் பார்க்க மட்டும். பெயரில் எண்ணை 000123 என்று முன்பூச்சியத்தோடு எழுதினால், பட்டியலில் 10 வந்து 2-க்கு முன்னால் நிற்காது.

ஏற்கெனவே பதிவான வீடியோவில் குறிப்பிட்ட ஃபிரேமுக்குத் தாவ ‘போஸ்ஃபிரேம்ஸ்’ பண்பு இருக்கிறது. எச்.264 போன்ற சுருக்கத்தில் முழுப்படம் எப்போதாவதுதான் வரும், மற்றவை அதிலிருந்து மாறியதை மட்டும் சொல்லும். அதனால் தாவியது சரியாக அந்த ஃபிரேமில்தான் விழுந்தது என்று உறுதி கிடையாது. மொத்த ஃபிரேம் எண்ணிக்கையும் பல கோப்புகளில் தோராயம்தான். துல்லியம் வேண்டுமென்றால் தொடக்கத்திலிருந்து கிராப் செய்து எண்ணிக்கொண்டே போய், வேண்டிய இடத்தில் மட்டும் ரிட்ரீவ் செய்யுங்கள். மெதுவான வழிதான், ஆனால் சொன்ன இடத்துக்குப் போய்ச் சேரும்.

நிரலே எழுதாமல் ஃபிரேம் ஃபிரேமாகப் பார்த்து அளக்க வேண்டும் என்றால் படங்களை ஆராயும் மென்பொருளான இமேஜ்ஜே போதும். அது எல்லா ஏவிஐ கோப்பையும் திறக்காது, வீடியோ வகையை மாற்றும் கருவியான எஃப்எஃப்எம்பெக் மூலம் எம்ஜேபெக் ஏவிஐ ஆக்கிக்கொண்டு திறங்கள். திறக்கும்போது ‘விர்ச்சுவல் ஸ்டாக்’ என்ற பெட்டியைத் தேர்ந்தெடுத்துவிடுங்கள். இமேஜ்ஜே வண்ணப்படத்தில் பிக்சலுக்கு 4 பைட் வைப்பதால், 1920×1080 அளவில் நொடிக்கு 30 ஃபிரேம் உள்ள ஒரு நிமிட வீடியோ முழுவதும் நினைவகத்தில் ஏறினால் சுமார் 15 ஜிபி ஆகிவிடும்.

வீடியோவாகப் பதிவதும் மூடுவதும்

‘வீடியோரைட்டர்’ கேட்பது கோப்பின் பெயர், ஃபோர்சிசி, வேகம், அளவு. இந்த அளவு அகலம், உயரம் என்ற வரிசையில். ஃபிரேமின் ஷேப் தருவதோ உயரம், அகலம். மாற்றிக் கொடுத்தால், அல்லது நடுவில் ஃபிரேமைச் சிறிதாக்கிவிட்டு அளவை மாற்ற மறந்தால், எந்தப் புகாரும் இல்லாமல் சில பைட்டுகள் மட்டுமே உள்ள கோப்பு உருவாகும். கறுப்பு வெள்ளை ஃபிரேம் என்றால் வண்ணம் இல்லை என்று தொடக்கத்திலேயே சொல்ல வேண்டும். வேகமாக நீங்கள் கொடுக்கும் எண், கேமரா தருவதாகச் சொன்ன எண்ணாக இருக்கக் கூடாது. உண்மையில் நொடிக்கு எத்தனை வந்தது என்று உங்கள் நேரக் குறிப்புகளிலிருந்து கணக்கிட்டதாக இருக்கட்டும். 30 என்று எழுதி 18 மட்டும் வந்திருந்தால், திரும்பப் போடும்போது எல்லாரும் ஓட்டமாக ஓடுவார்கள்.

முடிக்கும்போது கேமராவுக்கு ஒரு ‘ரிலீஸ்’, ரைட்டருக்கு ஒரு ரிலீஸ், விண்டோக்களுக்கு ‘டெஸ்ட்ராய்ஆல்விண்டோஸ்’. இந்த மூன்றையும் ‘ஃபைனலி’ பகுதிக்குள் எழுதினால் நடுவில் பிழை வந்து நிரல் விழுந்தாலும் இவை ஓடும். தனி த்ரெட் வைத்திருந்தால் முதலில் அதை நிற்கச் சொல்லி, நின்றதும் கேமராவை விடுவியுங்கள். அது ரீட்டுக்குள் இருக்கும்போது கேமராவைப் பிடுங்கினால் நிரல் அங்கேயே சரிந்துவிடலாம். எம்பி4 கோப்பில் எந்த ஃபிரேம் எங்கே இருக்கிறது என்ற அட்டவணை கடைசியில்தான் எழுதப்படும். ரைட்டர் ரிலீஸ் ஆகாமல் மின்சாரம் போனால் அதுவரை பதிந்தது எதையும் பிளேயர் திறக்காது. எம்கேவி இந்த விஷயத்தில் தாங்கும், அறுந்த இடம் வரை ஓடும். நீண்ட நேரப் பதிவுக்கு நான் எம்கேவியில், 10 நிமிடத்துக்கு ஒரு புதிய கோப்பாகப் பிரித்து எழுதுகிறேன்.